கொல்லமா, கோவில்பட்டியா? பன்னாட்டு இளையோர் ஹாக்கிக்கு ஊர் பார்ப்பது எப்படி

புனலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணாச்சி, 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஹாக்கி ஊர் என்றால் கோவில்பட்டிதான். கொல்லத்தில் ஆசிரமம் என்கிற பகுதியில் இன்டர்நேஷனல் ஹாக்கி ஸ்டேடியமே இருக்கிறது. நடுவில் புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை என்று இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள். அப்படியிருந்தும் நம்ம பக்கம் ஏன் ஒரு பன்னாட்டு இளையோர் போட்டி வரவில்லை? வரவைக்கணும்னா எந்த ஊரைச் சொல்லணும்? இரண்டு ஊரும் சேர்ந்து நடத்த முடியுமா?"

முதலில் நேர்ப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஆறு அணி வருகிற தொடர் என்றால் கொல்லத்தைச் சொல்லுங்கள். வெளிநாட்டு அணி ஒன்று வந்து பயிற்சி முகாம் போட்டு, நம் பிள்ளைகளோடு மூன்று நான்கு ஆட்டம் ஆடிவிட்டுப் போவது என்றால் கோவில்பட்டியைப் போல ஒரு இடம் கிடையாது. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே தொடரை நடத்துவது பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடைமுறைக்கு ஒத்து வராது. உலகக் கோப்பையை இரண்டு ஊருமே இப்போதைக்கு மறந்துவிடலாம்.

நம் பக்கம் இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் ஸ்டேடியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கேலரி எவ்வளவு பெரிசு, விளக்குக் கம்பம் எத்தனை என்று. எத்தனை இலை விழும் என்று கணக்குப் போடாமல் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதை இது. எத்தனை அணி, எத்தனை நாள், எத்தனை ஆட்டம் என்பது முடிவானால் எந்த ஊர் தாங்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

2025 போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை 16 அணி ஆடிய ஜூனியர் உலகக் கோப்பையை அந்த முறை 24 அணியாக்கினார்கள். நான்கு நான்காக ஆறு பிரிவு; பிரிவு ஆட்டம் மட்டும் 36. பிறகு முதல் எட்டு இடத்துக்கு 12, அடுத்த எட்டுக்கு 12, கடைசி எட்டுக்கு 12. மொத்தம் 72 ஆட்டம். நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 13 நாள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஐந்தரை ஆட்டம் வரும், அதுவும் ஓய்வு நாளே விடாமல் ஆடினால். கால் மணி நேரக் கால்பகுதி நான்கு, நடு இடைவேளை, பெனால்டி கார்னர் என்கிற தண்டனை அடிக்குக் கடிகாரம் நிற்பது, தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கிற ரிவ்யூ எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அடுத்த அணி உடம்பைச் சூடுபடுத்த வேண்டும், பந்து சீராக ஓடுவதற்குச் செயற்கைத் தரையை மறுபடி நனைக்க வேண்டும். ஒரு தரையில் நாளுக்கு நான்கு ஆட்டம் என்பதுதான் நிம்மதியான கணக்கு. ஆக, ஒரு தரையை வைத்து அந்தத் தொடரை நடத்தவே முடியாது. இரண்டு ஊர் என்ற யோசனை அங்கேயிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாவது ஊர் ஏன் மதுரை, ஏன் கோவில்பட்டி இல்லை என்று நம் பக்கத்தில் பலருக்கு வருத்தம். வருத்தத்தில் நியாயம் உண்டு. ஹாக்கி மரபு என்று பார்த்தால் கோவில்பட்டிக்கு மதுரை ஈடாகாது. ஆனால் 12 அணி என்றால் அணிக்கு 18 முதல் 20 ஆட்டக்காரர்கள், ஆறேழு உதவியாளர்கள் என்று 300 பேர். அதற்கு மேல் அம்பயர்கள், அலுவலர்கள், ஒளிபரப்புக்காரர்கள். இவ்வளவு பேரையும் ஒரே தரமுள்ள ஓட்டல்களில், ஸ்டேடியத்துக்கு அரை மணி நேரத்துக்குள் வைக்க மதுரையால் முடியும். விமான நிலையமும் ஊரிலேயே இருக்கிறது. ஸ்டேடியத்தை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதிதாகவே கட்டிக்கொண்டார்கள். தரையைப் பணம் கொடுத்து ஒரு வருஷத்தில் விரித்துவிடலாம், 300 பேர் தங்குகிற ஓட்டல்களை அப்படி விரிக்க முடியாது. கூட்டத்தைப் பற்றியும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. இந்தியா ஓமனையும் சுவிட்சர்லாந்தையும் ஆடியதே மதுரையில்தான். அரையிறுதியும் இறுதியும் சென்னைக்குப் போயின. ஜெர்மனி ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று கோப்பையை எடுத்தது, நம் பிள்ளைகள் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்ற விஷயம். ஒரு ஊரின் ஹாக்கி ஆர்வலர்கள் கூடித் தீர்மானம் போட்டு லோசானில் இருக்கிற உலக ஹாக்கி சம்மேளனத்துக்கு அனுப்பினால் அது குப்பைக்குத்தான் போகும். நடத்தும் உரிமை நாட்டுச் சங்கத்துக்குத்தான் வரும்; நம்மைப் பொறுத்தவரை ஹாக்கி இந்தியா. 2025 போட்டியும் அப்படித்தான் வந்தது. 2024 ஜூனில் இந்தியா நடத்தும் என்று அறிவிப்பு வந்தது, எந்த ஊர் என்பது அதற்குப் பிறகுதான் முடிவானது. இடையில் ஒரு மாநில அரசு முன்வந்து 'இடம் தருகிறேன், செலவைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். விசாவுக்கும் பாதுகாப்புக்கும் மத்திய அரசின் விளையாட்டு, உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதி தனி. அந்த விஷயத்தில் ஊருக்கு எந்தப் பிடியும் கிடையாது. 2016ல் லக்னோ ஜூனியர் உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்குப் பதில் மலேசியா ஆடியது, 2025ல் பாகிஸ்தான் விலக ஓமன் வந்தது. நடத்துகிற ஊர் இரண்டு தடவையும் அறைப் பட்டியலையும் சாப்பாட்டுப் பட்டியலையும் மாற்றி எழுதியதோடு சரி.

'மாநில அரசு மனசு வைத்தால் சின்ன ஊரிலும் நடக்கும்தானே, ஒடிசாவில் ரூர்கேலாவில் நடக்கவில்லையா' என்று சிலர் கேட்பார்கள். நடந்தது. 2023 ஆண்கள் உலகக் கோப்பையின் ஒரு பகுதியை அங்கேதான் வைத்தார்கள். அந்த ஊர் இருக்கிற சுந்தர்கர் மாவட்டம் ஹாக்கிக்காரர்களை அள்ளிக் கொடுக்கிற மண், நம் கோவில்பட்டி மாதிரி. ஆனால் ஒடிசா அரசு அங்கே என்ன செய்தது என்று பாருங்கள். இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கைகளோடு புது ஸ்டேடியம் கட்டியது. அணிகள் தங்க ஊரில் ஓட்டல் போதாது என்று தெரிந்ததும், ஸ்டேடியம் பக்கத்திலேயே 225 அறைகளோடு ஒரு வளாகத்தையும் கட்டியது. பயணிகள் விமானமும் அந்த ஜனவரியில்தான் புவனேஸ்வரத்திலிருந்து பறக்கத் தொடங்கியது. தேசிய அணிக்கே 2018லிருந்து ஸ்பான்சராக இருக்கிற அரசு அது. கேரள அரசோ தமிழக அரசோ ஒரு இளையோர் தொடருக்காக இப்படி இறங்கும் என்று நம்பி நாம் திட்டம் போடக் கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும்.

நமக்குப் பொருந்துகிற ஊர் மலேசியாவில் இருக்கிறது. ஜொகூர் பாரு. அதுவும் எல்லையோர ஊர்தான், பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். 2011லிருந்து அங்கே சுல்தான் ஆஃப் ஜொகூர் கோப்பை என்று 21 வயதுக்குட்பட்டோர் தொடர் நடக்கிறது. வழக்கமாக ஆறு அணி, தாமன் தயா என்ற ஒரே ஸ்டேடியம். எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை ஆடினால் 15 ஆட்டம், கடைசி நாளில் இடத்துக்கான ஆட்டம் மூன்று. மொத்தம் 18. இந்தியா அந்தக் கோப்பையை 2013, 2014, 2022 ஆண்டுகளில் வென்றிருக்கிறது. ஜூனியர் ஹாக்கியில் யார் அடுத்து வரப் போகிறார்கள் என்று பார்க்க நினைக்கிறவன் அந்தத் தொடரைத் தவறவிட மாட்டான். உலகக் கோப்பை ஒரு முறை வந்துவிட்டுப் போகும். இது வருஷா வருஷம் அதே ஊரில், அதே தரையில் நடக்கிறது. அந்த ஊர் பம்ப் ஆபரேட்டருக்குக்கூட எந்த நேரத்தில் எவ்வளவு நனைக்க வேண்டும் என்று கை பழகிப் போயிருக்கும்.

இந்த அளவைக் கொல்லத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆறு அணிக்கு 150 பேர். அம்பயர், டெக்னிக்கல் ஆட்கள், டாக்டர் எல்லாரையும் சேர்த்தால் 180. இரண்டு பேருக்கு ஓர் அறை, சிலருக்குத் தனி அறை என்று வைத்தால் 100 அறைக்குள் முடிந்துவிடும். அஷ்டமுடிக் காயல் ஓரத்திலும் ஊருக்குள்ளும் இருக்கிற ஓட்டல்களில் இரண்டு மூன்றைப் பிடித்தால் போதும். திருவனந்தபுரம் விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள். 2015 தேசிய விளையாட்டின் ஹாக்கியை ஆசிரமத்தில் நடத்திய அனுபவம் ஊருக்கு இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாக வருகிறது.

இப்போது தரைக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டப் பரப்பு 91.40 மீட்டருக்கு 55 மீட்டர். அது எல்லாருக்கும் தெரியும். கோலுக்குப் பின்னால் ஐந்து மீட்டரும் பக்கவாட்டில் நான்கு மீட்டரும் தடையில்லாமல் வெளி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல ஊரில் கோலுக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தால் சிமென்ட் வடிகால் வரும். முழு வேகத்தில் வருகிற பையன் அங்கே போய் விழுந்தால் அந்தத் தொடரே அவ்வளவுதான்.

அப்புறம் விரிப்பின் வயது. செயற்கைத் தரையின் ஆயுள் நன்றாகப் பராமரித்தால் எட்டிலிருந்து பத்து வருஷம். நம் வெயிலும் மழையும் அதையும் குறைக்கும். ஆகவே ஸ்டேடியம் திறந்த வருஷத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். கடைசியாக விரிப்பு மாற்றிய வருஷத்தைக் கேளுங்கள். சான்று கொடுக்கிற சோதனைக்கூடத்துக்காரர்கள் கருவி வைத்துப் பந்து எவ்வளவு உருளுகிறது, எவ்வளவு எழும்புகிறது, கால் விழும்போது தரை எவ்வளவு அதிர்வை வாங்கிக்கொள்கிறது என்றெல்லாம் அளப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். தரையை நனைக்கச் சொல்லுங்கள். ஒரு பையனை 25 கஜக் கோட்டில் நிறுத்திப் பந்தைத் தள்ளச் சொல்லி, நீங்கள் குனிந்து தரை மட்டத்திலிருந்து பாருங்கள். பந்து கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் வருகிற வரை தரையோடு ஒட்டிக்கொண்டே வந்தால் நல்லது. இரண்டு விரிப்பு சேருகிற இடத்தில் துள்ளினால், அங்கே பசை விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். பெனால்டி கார்னர் வாங்கி நிறுத்துகிற இடத்தைத் தனியாகப் பாருங்கள். எல்லாக் கால்களும் எல்லா ஸ்டிக்குகளும் மிதிக்கிற இடம் அது. இழை முதலில் தேய்ந்து மழமழவென்று ஆவது அங்கேதான்.

நனைக்கிற பீரங்கிகளையும் ஓடவிட்டுப் பாருங்கள். வழக்கமாக ஆறு இருக்கும். எல்லாம் ஒரே அழுத்தத்தில் அடிக்கிறதா, மைதானத்தின் நடுவில் ஒரு வறண்ட திட்டு விழுகிறதா என்று கவனியுங்கள். காற்று அடிக்கிற சாயங்காலத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் போகும். நாளுக்கு மூன்று ஆட்டம், காலையில் பயிற்சி என்றால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். இந்தத் தண்ணீர்ச் செலவு உலக ஹாக்கிக்கே உறுத்தலாகிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய விரிப்பைப் போட்டார்கள்.

கோவில்பட்டிக்கு முதல் இடைஞ்சல் இங்கேதான் வருகிறது. கரிசல் காட்டு ஊர். குடிதண்ணீரே தாமிரபரணியிலிருந்து குழாயில் ஏறி வர வேண்டும். கோடையில் குடங்கள் வரிசையில் நிற்கிற ஊரில் டேங்கர் டேங்கராகத் தண்ணீரை ஊற்றிப் பத்து நாள் பன்னாட்டுப் போட்டி நடத்தினால், நாலாவது நாளே பேருந்து நிலையத்து டீக்கடையில் பேச்சு மாறிவிடும். அங்கே பிள்ளைகள் பயிற்சி செய்கிற அளவுக்குத் தண்ணீர் ஓடுவதே பெரிய காரியம். இதை அந்த ஊர்க்காரர்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தங்குமிடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் உள்ளூர்த் தொடர்களில் பிள்ளைகளைக் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைத்தே பழகிவிட்டோம். பன்னாட்டுத் தொடரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஓட்டல் பார்க்கப் போகிறவர்கள் ஏ.சி. ஓடுகிறதா, வெந்நீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நான் முதலில் கேட்பது, கீப்பர் சாமான் காயப் போட இடம் உண்டா என்பதுதான். நனைத்த தரையில் ஒரு மணி நேரம் விழுந்து புரண்ட கீப்பரின் பேடு, கிக்கர், மார்புக் கவசம் எல்லாம் தண்ணீரும் வியர்வையுமாக ஊறியிருக்கும். அணிக்கு இரண்டு கீப்பர் என்றால் ஆறு அணிக்குப் பன்னிரண்டு மூட்டை. கொல்லத்துக் காற்றில் அது ராத்திரிக்குள் காயாது. இடம் கொடுக்காவிட்டால் ஓட்டல் வராந்தாவில் வரிசையாக வைத்துவிடுவார்கள், மறுநாள் அந்த மாடிக்கு ஒருத்தரும் ஏற மாட்டார்கள். கீழே ஒரு பெரிய அறை, நாலு மின்விசிறி. அவ்வளவுதான் கேட்பது. அதோடு ஐஸ். ஆட்டம் முடிந்ததும் கால்களை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிற ஊர் என்பதால் கொல்லத்தில் ஐஸ் கட்டிக்கு மட்டும் பஞ்சம் வராது.

சாப்பாட்டில் வீம்பு காட்டக் கூடாது. கப்பைக் கிழங்கும் மீன் கறியும், கோவில்பட்டி கடலை மிட்டாயும் கடைசி நாள் விருந்தில் வரட்டும். மற்ற நாள்களில் சோறு, பாஸ்தா, வேகவைத்த கோழி, முட்டை, வாழைப்பழம், தயிர். வயிற்றுப்போக்கு வந்த அணி தோற்றுவிட்டு ஊருக்குப் போனால், அடுத்த வருஷம் அழைப்புக்குப் பதில்கூட வராது.

18 வயதுக்குட்பட்டோர் தொடர் என்றால் வேலை இரட்டிப்பாகும். வருகிறவர்கள் சட்டப்படி குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், அணியோடு வருகிற பெரியவர்களைப் பற்றிய விசாரணை வேண்டும். பெண்கள் அணி வந்தால் தனி மாடி, பெண் மேலாளர், பெண் பிசியோ. அறைக்குள் யார் போகலாம், போகக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் படம் எடுத்துக்கொள்ள ஓட்டலுக்கே வந்து நிற்பார்கள். அவர்களை வாசலில் நிறுத்தத் தெரிந்த ஒருவரைப் பொறுப்பில் போடுங்கள். முகஸ்துதிக்காரரைப் போட்டீர்கள் என்றால் தொலைந்தது.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக் ஃபிளிக்கில், அதாவது ஸ்டிக்கால் இழுத்து வீசும்போது, வருகிற பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். முகத்தில் பட்டால் பல், தாடை, கண் எதுவும் போகலாம். ஸ்கேன், பல் மருத்துவர், எலும்பு மருத்துவர் மூன்றும் அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கொல்லத்தில் இருக்கிறது. கோவில்பட்டியில் பெரிய காயம் என்றால் திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் ஓட வேண்டும். அது ஒரு மணி நேரம்.

சரி, இரண்டு ஊரும் சேர்ந்தால் என்ன என்று கேட்டீர்கள். ஜொகூரும் சிங்கப்பூரும் 2009 ஜூனியர் உலகக் கோப்பையைச் சேர்ந்தே நடத்தினவை, அதுவும் இரண்டு வேறு நாடுகள். அதை வைத்துத்தான் பலருக்கு இந்த ஆசை. ஆனால் அவற்றுக்கு நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் பாலம். நமக்கு நடுவில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை, சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டி போய்ச் சேர பஸ்ஸுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. கழுதுருட்டிப் பக்கம் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் அந்தக் கணக்கும் போச்சு. நாளைக்கு ஆடப் போகிற பையனை மலைப்பாதை வளைவுகளில் உட்கார வைத்து வாந்தி எடுக்க வைக்க எந்தப் பயிற்சியாளரும் சம்மதிக்க மாட்டார். பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயிலில் கூட்டிப்போகலாம் என்று ஒருவர் சொன்னார். சுற்றுலாவுக்கு நல்ல யோசனை.

தூரத்தைவிடச் சிக்கலானது நிர்வாகம். கொல்லத்துக்குக் கேரளா ஹாக்கி, கோவில்பட்டிக்கு ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாடு. இரண்டு விளையாட்டுத் துறை, இரண்டு போலீஸ், இரண்டு சுகாதாரத் துறை, இரண்டு கஜானா. தொடக்க விழா யாருக்கு, இறுதி ஆட்டம் யாருக்கு, மேடையில் எந்த அமைச்சர் எந்த நாற்காலியில் என்று பேசி முடிக்கவே ஒரு வருஷம் ஆகும். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அந்த உறவு நம் வீட்டுக் கல்யாணங்களில் இன்னும் இருக்கிறது, அரசுக் கோப்பில் கிடையாது.

இதற்குப் பதில் நான் சொல்வது இது. தொடர் கொல்லத்தில் நடக்கட்டும். வருகிற ஆறில் ஏதாவது ஓர் அணியையாவது ஒரு வாரம் முன்னதாகக் கோவில்பட்டிக்குக் கூட்டி வாருங்கள். பயிற்சி, உள்ளூர்ப் பையன்களோடு மூன்று ஆட்டம், பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நாள். ஓர் அணிக்கு 25 பேர், 15 அறை. அந்த ஊர் தாராளமாகத் தாங்கும். கூட்டத்துக்கும் சொல்லத் தேவையில்லை. கோவில்பட்டியில் நடக்கிற லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வருகிற ஜனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே யார் ஆடுகிறார்கள் என்று கேட்காமலே வந்து உட்காருவார்கள். ஃபுல் பேக் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே சத்தம் போடுகிற பெரிசுகள் வேலியோரம் நிற்பார்கள். கொல்லத்தில் அந்த ரசனை இன்னும் அவ்வளவு அடர்த்தியாக இல்லை. இரண்டு வெளிநாட்டு அணிகள் மத்தியான வெயிலில் ஆடினால் கேலரி காலியாகத்தான் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்து வருவதற்கு முதலிலேயே ஒரு தொகை ஒதுக்குங்கள். கேரளம் ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பார்த்தது இரண்டு பேரால்: 1972 மியூனிக்கில் கண்ணூர் மானுவல் ஃபிரெடெரிக், பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் ஸ்ரீஜேஷ். இரண்டு பேருமே கீப்பர்கள் என்பது ஒரு வேடிக்கை. 2025 ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அதே ஸ்ரீஜேஷ்தான். அப்படி ஒருவர் ஒரு நாள் வந்து கோலில் நின்றாலே கேலரி நிறைந்துவிடும்.

இனி மாதம். இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள், இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொல்லத்தில் தென்மேற்கு மழை. மலைக்கு இந்தப் பக்கம் குற்றால சீசன், தென்காசியில் லாட்ஜ் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் துலாவர்ஷம், நம் வடகிழக்கு மழை. 2025 போட்டி தொடங்கிய அன்றைக்கே டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம். நவம்பர் நடுவிலிருந்து மகரவிளக்கு வரை செங்கோட்டை–புனலூர் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டி. ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக் நடக்கிறது. நல்ல அம்பயர்களும் ஒளிபரப்புக்காரர்களும் அதில் இருப்பார்கள், ஹாக்கி இந்தியாவின் கவனமும் அங்கேதான். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ பரீட்சை. ஏப்ரலில் விஷுவை ஒட்டி ஆசிரமம் மைதானத்தில் கொல்லம் பூரம், யானையும் ஜனமுமாக அந்தப் பக்கம் வண்டி நகராது. மேயில் வெக்கை.

மிச்சம் இருப்பது பிப்ரவரி. அது ஐரோப்பிய அணிகளுக்கும் வசதி. அவர்கள் ஊரில் குளிர், வெளித்தரை ஆட்டம் இன்னும் முழுசாகத் தொடங்கியிருக்காது, வெயில் உள்ள ஊரில் ஆட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரி என்று வைத்துக்கொண்டு பின்னால் எண்ணுங்கள். ஆசிரமத்தில் விரிப்பு மாற்ற வேண்டியிருந்தால் மழையில் பசை பிடிக்காது. ஜூனிலிருந்து நவம்பர் வரை அந்த வேலையைத் தொடவே முடியாது. முந்தைய மே முடிவதற்குள் புது விரிப்பு தரையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் டெண்டர் அதற்கும் முந்தைய வருஷக் கடைசியில் போயிருக்க வேண்டும். அழைப்புக் கடிதங்கள், ஹாக்கி இந்தியா அனுமதி எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் புனலூரில் இருக்கிறீர்கள், கொல்லம் ரயிலில் ஒரு எட்டு. போய் அந்த விரிப்பு போட்ட வருஷத்தையும் சான்று எது வரை செல்லும் என்பதையும் கேட்டு வந்து எழுதுங்கள். அதை வைத்துத்தான் எந்த பிப்ரவரி என்று பேச முடியும்.